பிரிக்கக் கூடாத கவர்

1

வர்ஷினிக்குப் பதினெட்டு வயது நிறைந்த அன்று காலை, வழக்கம்போல் காபியை வைத்துக்கொண்டு அவளுடைய மார்க்கைப் பார்க்க உட்கார்ந்தேன். கனடாவுக்குக் குடிவந்ததிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பள்ளியின் இணையதளத்தில் பெற்றோருக்கென்று ஒரு கணக்கு உண்டு. வேதியியலில் சின்னத் தேர்வு வைத்தாலும் மறுநாள் அதில் ஏறிவிடும். வெளியே பனி, உள்ளே ஹீட்டரின் இரைச்சல், திரையில் மகளின் மதிப்பெண்கள். ஊரில் என் அப்பா செய்தித்தாள் பார்த்ததைப் போல நான் அதைப் பார்த்துவந்தேன்.

அன்று கடவுச்சொல்லைப் போட்டதும் ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. மாணவிக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால் உங்கள் கணக்கு மூடப்படுகிறது. இனி அவருடைய பதிவுகளைப் பார்க்க அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்.

“இங்க பாரு சுமதி, என் பொண்ணு மார்க்கை நான் பாக்கக் கூடாதாம்” என்று மனைவியிடம் காட்டினேன். கேசரி கிளறிக்கொண்டிருந்த சுமதி எட்டிப் பார்த்தாள்.

“ஊர்லேர்ந்து இத்தனை வருஷம் பாத்தீங்கல்ல, போதும்னு சொல்றான்” என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. சென்னையில் வர்ஷினியின் மார்க் யாருக்குத்தான் தெரியாது? வகுப்பு ஆசிரியை முழு வகுப்பின் மதிப்பெண்களையும் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போடுவார். கீழ்வீட்டு மாமி படியேறும்போதே, “மேத்ஸ்ல கொஞ்சம் இறங்கிட்டாளாமே” என்று கேட்பார். ஒவ்வொரு தேர்வுக்கும் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவன் நான். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ் மேற்கு மாம்பலத்தில் எத்தனை உறவினர் வீட்டுப் பீரோக்களில் கிடக்கிறதோ, எனக்கே தெரியாது. ஒரிஜினலை லாமினேட் செய்து பூட்டிவைப்பது, நகலை ஊர் முழுக்கக் கொடுப்பது. காகிதத்தைப் பாதுகாக்க எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

2

குளிர்காலம் முடிவதற்குள் வர்ஷினிக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. அவள் பதினொன்றாம் வகுப்பைச் சென்னையில் முடித்துவிட்டு வந்தவள். அந்த வருடத்தின் மதிப்பெண் சான்றிதழ் பழைய பள்ளியிலிருந்து நேரடியாக வர வேண்டும். அல்லது பள்ளி ஒட்டி, மடிப்பின்மேல் முத்திரையும் கையெழுத்தும் இட்ட உறையில், பிரிக்கப்படாமல் வந்துசேர வேண்டும்.

இங்கேயே எனக்கு முதல் குத்தல். ஊரில் பதினொன்றாம் வகுப்பு மார்க்குக்கு மரியாதை கிடையாது. அது பன்னிரண்டுக்கான ஒத்திகை. “லெவன்த் மார்க்கை எவன் பாக்கப் போறான், விடு” என்று அவளிடம் அப்போது சொன்னவன் நான்தான். அவளும் விட்டாள். இப்போது பார்க்கிறார்கள்.

அசோக் நகரில் இருக்கும் அவளுடைய பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். வெளிநாட்டுக்கெல்லாம் நேரடியாக அனுப்புவதில்லை, பெற்றோர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அக்காவின் கணவருக்கு முதல் வருடத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படியும் நான் சென்னைக்குப் போக வேண்டும். நானே வாங்கி வருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது வர்ஷினி வாசல்வரை வந்தாள்.

“அப்பா, ஒரே ஒரு விஷயம். கவரைப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா அக்செப்ட் பண்ண மாட்டாங்க.”

“எனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும். ஆனாலும் சொல்றேன்.”

பள்ளி அலுவலகத்தில் என்னைவிடச் சற்று இளைய ஒரு பெண்மணி இருந்தார். என் எதிரிலேயே சான்றிதழை மடித்து உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, முதல்வரிடம் கொண்டுபோய் மடிப்பின்மேல் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“சார், வீட்டுக்குப் போய் மெதுவா பிரிச்சுப் பாக்கலாம்னு நெனைக்காதீங்க. பிரிச்சா செல்லாது. இப்படித்தான் ஒரு ஃபாதர் பிரிச்சுட்டு வந்து நின்னார். மேடம் என்னைத்தான் கத்துனாங்க.”

“இல்ல மேடம், பேர் ஸ்பெல்லிங் மட்டும்...”

“சிஸ்டத்துல இருக்கறதுதான் சார் வரும்.”

சிஸ்டத்தில் என்ன இருக்கிறது என்பதுதானே என் கேள்வி. அதை அங்கேயே, அப்போதே கேட்டிருக்கலாம். பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

3

என் அப்பா தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். வாசலிலேயே பெயர் வெட்டும் மெஷின். கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் துண்டுத்தாளில் பெண்ணின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் வெட்டி முடித்ததும், கட்டிக் கொடுப்பதற்கு முன், அப்பா அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். ஒருமுறை குடும்ப வேலையாக அவர் கடையில் இல்லாத நாளில் ஓர் எழுத்து மாறிப்போய், மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெரிய பேச்சாக்கிவிட்டார்கள். “எவர்சில்வர்ல வெட்டின பேரை ரப்பர் வெச்சு அழிக்க முடியாதுடா” என்று அப்பா எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். பார்க்காமல் எதையும் கடையை விட்டு இறக்கக் கூடாது. அந்தப் புத்தி என் எலும்பில் ஊறியிருக்கிறது.

வர்ஷினியின் பெயரை அந்தப் பள்ளி ஒருமுறை அடையாள அட்டையில் தப்பாக அடித்திருந்தது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்தாக ஒரு ‘ஐ’ போட வேண்டிய இடத்தில் இரண்டு ‘ஈ’. பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு எதிர்ப்புறம் இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த இரண்டு ‘ஈ’ தவிர வேறெதுவும் ஓடவில்லை. தப்பாக இருந்தால், விமானம் ஏறிய பிறகு என்ன செய்ய முடியும்?

பசை இன்னும் சரியாகக் காயவில்லை. சென்னையின் புழுக்கத்தில் என் விரல் பட்ட இடத்திலேயே மடிப்பின் ஓரம் தூக்கிக்கொண்டது. நான் பிரித்தேன் என்று எழுதுவதற்கு இப்போதும் கை தயங்குகிறது, அதுவாகவே வந்தது என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை. நான்தான் பிரித்தேன். கிழியாமல், நிதானமாக, விரலை உள்ளே விட்டுப் பிரித்தேன்.

பெயர் சரியாக இருந்தது. பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே என் பெயர், எல்லாம் சரி. மார்க் எனக்கு ஏற்கெனவே தெரிந்த மார்க்தான். ஒன்றுமில்லாததற்காகப் பிரித்திருந்தேன்.

பள்ளி எதிரிலேயே இருந்தது. ரோட்டைக் கடந்து, படியேறி, “மன்னிச்சுக்குங்க மேடம், இன்னொன்னு போட்டுக் குடுங்க” என்று கேட்டிருந்தால் திட்டுவாங்கிக்கொண்டாவது வாங்கியிருக்கலாம். அந்தப் பெண்மணி அவ்வளவு தெளிவாகச் சொல்லி அனுப்பியபின், ஜூஸ் டம்ளர் காலியாவதற்குள் திரும்பிப் போய் அவர் முன் நிற்க வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் காரணம் அந்த வெட்கம் மட்டும்தான். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், கவரையே பாத்துக்கினு வர்றீங்க. லவ் லெட்டரா?”

“பொண்ணு மார்க் சர்ட்டிபிகேட்ப்பா.”

“ஃபெயிலா?”

“இல்ல, பாஸ்தான்.”

“அப்புறம் இன்னாத்துக்கு சார் மூஞ்சி இப்டி கீது?”

மேற்கு மாம்பலத்தில் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஃபெவிகாலை எடுத்து வைத்தாள். “இதுக்குப் போயா இப்படி உக்காந்திருக்க? அவன் என்ன பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப் போறான். தள்ளு, நான் ஒட்டறேன்.” நாக்கைக் கடித்தபடி, கோலத்தில் புள்ளி வைக்கும் கவனத்தோடு ஒட்டினாள். அதன்மேல் திதிக்கு எடுத்து வைத்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தாள். காலையில் எடுத்துப் பார்த்தபோது முதல்வரின் கையெழுத்துக் கோடு மடிப்பில் ஒரு மயிரிழை விலகியிருந்தது. “தெரியவே இல்லடா” என்றாள் அக்கா. எனக்குத் தெரிந்தது.

4

“பிரிக்கலையேப்பா?” என்று வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டாள் வர்ஷினி.

“சேச்சே” என்றேன்.

அவளே பஸ் பிடித்துப் போய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பின் வந்த நாட்கள் வழக்கம்போலத்தான் போயின. காலையில் ஐஸ் சுரண்டி வண்டியை எடுப்பேன். ஓர் உணவுப்பொருள் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. மாலையில் வீடு திரும்பினால் வர்ஷினி தன் அறையில் இருப்பாள். இங்கு வந்த புதிதில் பள்ளியில் நடந்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கொட்டுவாள். இப்போது என்ன கேட்டாலும் “ஃபைன்” என்ற ஒரு சொல்தான். தமிழில் கேட்டால்கூட.

ஒருநாள் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றாள். அழவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“என்னைக் கூப்பிட்டு மீட்டிங் வெச்சாங்க. கவர் பிரிச்சு ஒட்டியிருக்குன்னு சொல்றாங்க. உள்ள மார்க்கை மாத்தியிருக்கலாமாம். ஃபைலை நிறுத்தி வெச்சிருக்காங்க.”

சுமதி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது.

“நான் சான்ஸே இல்லைன்னு சொல்லிட்டேன். எங்கப்பா ஸ்கூல்ல கைல வாங்கி நேரா என் கைல குடுத்தார், அவர் பிரிக்கவே மாட்டார்னு சொன்னேன். அவங்க அதை எழுதிக்கிட்டாங்க.” மூச்சு வாங்கினாள். “ஏர்போர்ட்ல செக் பண்றப்ப யாராவது பிரிச்சிருப்பாங்களாப்பா?”

அங்கே எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது.

“இருக்கும்மா” என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். இதற்கு முன் எத்தனையோ விஷயங்களில் பெற்றவனாகத் தவறியிருப்பேன். ஆனால் என் பிள்ளை எனக்காக ஓர் அந்நியர் முன் சத்தியம் செய்வதுபோல் நின்றிருக்கிறாள், அந்தச் சத்தியம் பொய், அது பொய் என்று அவளுக்கே தெரியாது. பதிவு செய்த பொய்யும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

5

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவளுக்குத் தெரியாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போதுதான் புரிகிறது, அதுவும் அந்த உறையைப் பிரித்த அதே கைதான்.

சேர்க்கை அலுவலகத்தில் ஒரு பெண் கனிவாக உட்காரச் சொன்னார். மகளின் பெயரைச் சொல்லி, “ஐ ஓபன்ட் த கவர்” என்றேன். எந்த கவர் என்று கேட்டார். கவர் என்றால் இங்கே புத்தகத்தின் அட்டை, படுக்கையின் உறை, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதும் கடிதம்கூட. எங்கள் ஊர் கவர் மட்டும் இல்லை. கையால் மடித்து, நாக்கால் ஒட்டுவதுபோல் நடித்துக் காட்டினேன். புரிந்தது. புரிந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

அப்படி ஒரு மாணவி இங்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்பதைக்கூட உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றார்.

நான் எதையும் கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன். தவறு என்னுடையது, அவளுடையதல்ல.

அதையும் அவருடைய சம்மதம் இல்லாமல் நான் கேட்டுக்கொள்ள முடியாது; அவருடைய கோப்பில் எதைச் சேர்ப்பதானாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பின் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். இதில் உங்கள் மகள் கையெழுத்திட்டால் நாம் பேசலாம்.

“ஐ ஆம் ஹர் ஃபாதர்” என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. “யெஸ்” என்றார். அவ்வளவுதான்.

வண்டி நிறுத்துமிடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவைத் தவிர வேறு யார் வந்தாலும் பேச மாட்டோம் என்று சொல்லும் ஊரிலிருந்து வந்தவன் நான். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குக்கூட இங்கே மகளின் கையெழுத்து வேண்டும்.

6

அவள் அறைக்கதவைத் தட்டினேன். கட்டிலில் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்காமல், நின்றபடியே சொன்னேன். ஜூஸ் கடை, காயாத பசை, அத்தையின் ஃபெவிகால், ‘சேச்சே’, ஏர்போர்ட், எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

“பேர் சரியா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்தது.”

“ம்.”

ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, “நான் அந்த லேடிகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன்ப்பா. யூ டோன்ட் நோ மை டாட்னு” என்றாள். குரல் அங்கேதான் உடைந்தது.

படிவத்தை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை முழுவதும் படித்தாள். எந்தத் தகவலைப் பகிரலாம் என்ற கேள்விக்கு, ‘எல்லாப் பதிவுகளும்’ என்ற கட்டத்தை விட்டுவிட்டாள். ‘குறிப்பிட்ட விஷயம் மட்டும்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, அந்த உறை சம்பந்தமாக மட்டும் என்று எழுதினாள். தகவலைப் பெறும் மூன்றாம் நபரின் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. அதில் என் பெயரை எழுதினாள். எழுத்து எழுத்தாக, என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாள். அது கிண்டலா, உண்மையான கவனமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

உறவு என்ற இடத்தில் ‘அப்பா’ என்று ஆங்கிலத்தில் போட்டாள். கீழே கையெழுத்து. அவளுக்கு அப்படி ஒரு கையெழுத்து இருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

7

இருவரும் சேர்ந்து போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். அலுவலகத்தில் நான் பேசினேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் சொன்னது அவள் நம்பிய உண்மை என்பதையும் கோப்பில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். பழைய பள்ளி தன் மின்னஞ்சலிலிருந்து நேரடியாகச் சான்றிதழை அனுப்பினால் மறுபடி பரிசீலிப்போம் என்றார்கள். கிடைக்கும் என்று சொல்லவில்லை.

வர்ஷினி பள்ளிக்குத் தானே எழுதினாள். நடந்ததை மறைக்கவில்லை. இந்த முறை நேரடியாக அனுப்பவும், அவளுக்கென்று ஒரு நகலை உறவினர் வந்தால் கொடுக்கவும் சம்மதித்தார்கள், ஆனால் தந்தையின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டுமாம். பதினெட்டு வயது நிறைந்திருந்தாலும் அங்கே என் கையெழுத்து இல்லாமல் அவளுடைய மார்க் அசையாது. இங்கே அவள் கையெழுத்து இல்லாமல் நான் வாய் திறக்க முடியாது. கடிதத்தை அவளே தட்டச்சு செய்து கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“படிச்சுப் பாத்துட்டு சைன் போடுங்க.”

படிக்காமல் போட்டேன். அவள் அதைக் கவனித்தாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பின் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது சுமதி சொன்னாள்: “அட்மிஷன் கன்ஃபர்ம் ஆயிடுச்சாம்.”

“யார் சொன்னா?”

“அவதான். முந்தாநேத்து.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

சுமதி கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “சொல்லுவா. அவசரப்படாதீங்க.”

சந்தோஷத்தில் எழுந்து நின்றவன், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

நேற்று மாலை சாப்பிடும்போது அக்கா வாட்ஸப்பில் கூப்பிட்டாள். கையில் சாம்பார் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். அங்கே விடிந்திருந்தது, பின்னால் காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டது.

“டேய் தம்பி, ஸ்கூல்ல வர்ஷுவுக்குன்னு ஒரு காப்பி தர்றேன்னாங்கல்ல, அதை நேத்தே போய் வாங்கிட்டு வந்துட்டேன். இதையும் ஒட்டி சீல் வெச்சுத்தான் குடுத்திருக்காங்க. அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்தா. பிரிச்சு, பேர் சரியா இருக்கான்னு பாத்துட்டு, ஒரு லாமினேஷன் போட்டு பீரோவுல வெச்சிடட்டுமா?”

எதிரே வர்ஷினியின் கை தட்டிலேயே நின்றது.

“அவளைக் கேளுக்கா” என்று சொல்லி, முழங்கையால் போனை அவள் பக்கம் தள்ளினேன்.

“அத்தை, பிரிக்காதீங்க” என்றாள் வர்ஷினி. “லாமினேட்டும் வேண்டாம். அப்படியே வைங்க. நான் வர்றப்போ நானே பிரிச்சுக்கறேன்.”

“அது எப்போடி வருவ? உன்னைப் பாத்தே வருஷமாச்சு. முதல்ல, எப்படி இருக்க, அதைச் சொல்லு.”

அவள் ‘ஃபைன்’ என்று சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பஸ் தாமதமானதிலிருந்து ஆரம்பித்து அத்தையிடம் எதையெதையோ சொல்லியபடி தன் அறைக்கு நடந்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் போன். அதன் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். நான் மாற்றவில்லை.